கல்யாணம் வேண்டாம், சட்டப் பாதுகாப்பு வேண்டும்: சிவில் பார்ட்னர்ஷிப் நமக்குத் தேவையா?

மத்திகிரிப் பெண்:
ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். நானும் என் துணையும் சில வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்யாணம் என்ற ஏற்பாட்டில் எனக்கு விருப்பமில்லை. மண்டபம், சீர், சாதி, "எங்க வீட்டு மருமகள்" என்ற பட்டம், எதுவும் வேண்டாம். ஆனால் என் இஎஸ்ஐ அட்டையில் அவர் பெயரைச் சேர்க்க முடியாது. உயில் எழுதாமல் நாளை எனக்கு ஏதாவது ஆனால், நான் சம்பாதித்ததில் அவருக்கு ஒரு ரூபாய் போகாது.

இங்கிலாந்தில் சிவில் பார்ட்னர்ஷிப் என்று ஒன்று இருக்கிறது, கல்யாணம் செய்யாமலே ஜோடியாகப் பதிந்து சட்ட உரிமை பெறும் முறை. 2004 சட்டப்படி முதலில் ஒரே பாலினத்தவருக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். ரெபெக்கா ஸ்டைன்ஃபெல்ட், சார்லஸ் கீடன் என்ற ஆண் பெண் ஜோடி எங்களுக்கும் வேண்டும் என்று வழக்குப் போட்டு, 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. 2019 டிசம்பர் 31 முதல் யார் வேண்டுமானாலும் பதியலாம். உறுதிமொழி எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சொத்து, வாரிசுரிமை எல்லாம் கணவன் மனைவிக்கு உள்ளதுதான். இங்கேயும் ஏன் கூடாது?

பென்னாகரம் வக்கீல்:
தங்கச்சி, நீங்கள் கேட்பது நம்ம ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறதே. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தார்கள். ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம், தாலிகூடக் கட்டாயமில்லை. மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். 2023இல் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில், ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று சொல்லிவிட்டது. மண்டபமும் சீரும் சட்டம் கேட்பதில்லை, நம் வீடுகள்தான் கேட்கின்றன. அதற்கு எதற்குப் புதுச் சட்டம்?

இங்கிலாந்தின் ஏற்பாட்டிலும் ஒரு வருடம் முடியாமல் பிரிய முடியாது. அதற்கும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பெயரைத் தவிர என்ன வித்தியாசம்?

மத்திகிரிப் பெண்:
பெயர் மட்டும் இல்லை சார். இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 15ஐ நீங்களே எடுத்துப் பாருங்கள். நான் கல்யாணம் செய்து, குழந்தை இல்லாமல், உயிலும் எழுதாமல், அவருக்குப் பிறகு இறந்தால், என் சம்பளத்தில் வாங்கிய மனை முதலில் அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. என்னைப் படிக்க வைத்த அம்மா அவர்களுக்குப் பின்னால்தான் வருகிறார். கல்யாணம் செய்யாவிட்டால் அம்மா அப்பாவுக்குப் போகும், ஆனால் கூட வாழ்ந்தவர் பட்டியலிலேயே இல்லை. இந்த இரண்டில் எதை நான் தேர்ந்தெடுப்பது?

பாலக்கோடு டீச்சர்:
நான் இதற்கு எதிர்ப்பு. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. தக்காளி மண்டியில் கூடை சுமந்தவர். மனைவியை இழந்த ஒருவரோடு வாழ்ந்தார். ஊரே புருஷன் பொண்டாட்டி என்றுதான் சொல்லும். அவர் இறந்ததும் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். "இறந்தவருக்கு என்ன உறவு" என்ற இடத்தில் "மனைவி" என்று எழுதினேன். விசாரணைக்கு வந்தவர் கல்யாணப் பத்திரிகை உண்டா, போட்டோ உண்டா, பதிவு உண்டா என்று கேட்டார். அந்த அக்கா எடுத்து நீட்டியது இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய சீட்டு நோட்டு. அதில் மாதாமாதம் இரண்டு பேர் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது. அதை யார் ஒத்துக்கொள்வார்கள்? முதல் தாரத்துப் பையன்கள் பெயரில் சான்றிதழ் வந்தது. வீடும் போனது.

தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று 2009இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. கல்யாணத்தையே பதியாதவரா பார்ட்னர்ஷிப்பைப் பதிந்திருப்பார்?

இன்னொரு பயமும் இருக்கிறது, அதுதான் பெரியது. சொந்த சாதியில் பார்த்தவளுக்குக் கல்யாணம், காதலித்தவளுக்குப் பார்ட்னர்ஷிப் என்று நம்ம ஆட்கள் பிரித்துவிடுவார்கள். "பதிஞ்சுட்டோமே, அப்புறம் தாலி எதுக்கு" என்று ஒரு தலித் பெண்ணிடம் சொல்வதற்கு நாமே சட்டம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

பென்னாகரம் வக்கீல்:
டீச்சர் சொன்ன அக்கா கோர்ட்டுக்கு வந்திருந்தால் ஜெயித்திருக்க வாய்ப்பு உண்டு. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் திருமணம் நடந்ததாகவே கோர்ட் அனுமானிக்கும். குடும்ப வன்முறைச் சட்டம், 2005, திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில், 2010இல், எது அப்படிப்பட்ட உறவு என்பதற்கு உச்ச நீதிமன்றம் அளவுகோலும் சொல்லியிருக்கிறது.

பாலக்கோடு டீச்சர்:
மண்டிக் கூலியை வைத்துக்கொண்டு எத்தனை வாய்தாவுக்கு அலைவார் சார்?

அரூரான்:
எல்லோரும் சொத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நம்ம தருமபுரி மாவட்டத்தில் முதல் பிரச்சனை உயிர். 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. அவரவர் மதத்திலேயே இருந்து வேறு மதத்தவரைக் கட்டுபவர்களுக்கு 7அ உதவாது, சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதில் 30 நாள் நோட்டீஸ். பெயர், விலாசம் எல்லாம் பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். தெரிந்தவன் ஒருவன் படித்தால் சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். நோட்டீஸ் இல்லாத ஒரு பதிவு முறை வந்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

பென்னாகரம் வக்கீல்:
தம்பி, இங்கிலாந்தில் சிவில் பார்ட்னர்ஷிப்புக்கும் 28 நாள் நோட்டீஸ் உண்டு. புதிய சட்டம் என்றால் நோட்டீஸ் இருக்காது என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. உத்தராகண்டில் 2025 ஜனவரி முதல் சேர்ந்து வாழ்பவர்கள் கட்டாயம் பதிய வேண்டும், பதியாவிட்டால் சிறைத்தண்டனைகூட உண்டு. உரிமை கேட்கப் போய் கண்காணிப்பை வாங்கி வரும் ஆபத்து இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் அந்த நோட்டீஸை நீக்கச் சொல்லிப் போராடுவோம், நானும் வருகிறேன்.

காவேரிப்பட்டணத்தான்:
நான் ஆண், என் துணையும் ஆண். நீங்கள் மாறி மாறிச் சொல்லும் 7அ, சிறப்புத் திருமணச் சட்டம், திருமண அனுமானம், எதுவும் எங்களுக்குக் கிடையாது. 2023 அக்டோபர் 17 அன்று, ஒரே பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்றார்கள். திருமணம் அல்லாத சட்ட இணைப்பையாவது கொடுக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழும் இருவர் எழுதிப் பதியும் குடும்ப இணைவுப் பத்திரம் என்ற ஒன்றை ஏற்பது பற்றி யோசிக்கும்படி தமிழக அரசுக்கு யோசனை சொன்னார். நாங்கள் கேட்பது அந்த ஒரு காகிதத்தைத்தான். டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. அதற்காக எங்களையும் வெளியிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

பாலக்கோடு டீச்சர்:
தம்பி, உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உங்களுக்கு முழுக் கல்யாண உரிமையே வேண்டும் என்பேன். ஆண் பெண் ஜோடிக்கு இரண்டாம் தரமாக ஒன்று வேண்டாம் என்கிறேன். பிரான்சில் 1999 முதல் பாக்ஸ் என்ற ஒப்பந்த முறை இருக்கிறது. அதில் ஒருவர் மட்டும் முறைப்படி நோட்டீஸ் அனுப்பினாலே உறவை முறித்துவிடலாம். உயில் இல்லாவிட்டால் துணைக்குச் சொத்து இல்லை, இறந்தவரின் பென்ஷனும் இல்லை. அதை இங்கே கொண்டுவந்தால் தெருவில் நிற்பது பெண்தான்.

மத்திகிரிப் பெண்:
பிரான்சின் முறையை நான் கேட்கவில்லை டீச்சர். பதிந்தவர் அது முறையாக முடியும் வரை இன்னொருவரைக் கட்டக் கூடாது, இங்கிலாந்தில் அப்படித்தான். பிரிவது கோர்ட் வழியாக. சேர்ந்து வாங்கிய வீட்டில் பங்கு. பெற்றோருக்கும் துணைக்கும் சேர்த்து வாரிசுரிமை. நோட்டீஸ் ஒட்டக் கூடாது. இவ்வளவும் இருந்தால் அது எப்படி இரண்டாம் தரம்?

பென்னாகரம் வக்கீல்:
அப்படியென்றால் நீங்கள் கேட்பது திருத்திய கல்யாணம்தான். பிரிவு 15 அநியாயம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதை மாற்ற மனு எழுதினால் என் கையெழுத்து உண்டு. புதுச் சட்டத்துக்கு இல்லை. காவேரிப்பட்டணம் தம்பி, உங்களுக்குச் சட்டம் வரும் வரை இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதி, இரண்டு சாட்சியோடு பதிந்து வையுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம், எழுதிக் கொடுத்தவர் நினைவிழந்தால் அது நிற்காது. உயிர்காக்கும் சிகிச்சை பற்றி முடிவெடுக்க யார் என்று முன்கூட்டியே எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கலாம், 2023இல் அதை எளிதாக்கியிருக்கிறார்கள். பென்னாகரம் வந்தால் நானே எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றி சார், கண்டிப்பாக வருகிறோம். ஆனால் உயில் செத்த பிறகுதானே பேசும். வீட்டு ஓனரிடமும் கம்பெனி எச்ஆரிடமும் காட்ட எங்களுக்கு ஒரு காகிதம் வேண்டும்.

மத்திகிரிப் பெண்:
எனக்கும் அதேதான். சார், பிரிவு 15 மனுவை எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். பார்ட்னர்ஷிப் மனுவை நான் தனியாக எழுதுகிறேன். டீச்சர் சொன்ன சாதிப் பிரச்சனைக்கு அதில் என்ன நிபந்தனை போட வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.