புதுப்பிப்பு: பாப்பாவின் ஓவிய மூலை தயார்

வாடகை வீட்டில் சுவர் கெடாமல் இரண்டு வயது மகள் வரைய இடம் எப்படி அமைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நிறைய பேர் கரும்பலகை பெயிண்ட் அடிக்கச் சொன்னீர்கள். அதைச் சுவரில் அடிக்காமல் ஒரு ப்ளைவுட் பலகையில் அடித்து, பால்கனிச் சுவரோடு சேர்த்துக் கொக்கியில் இறுக்கிக் கட்டிவிட்டோம். கைப்பிடிக் கம்பியிலிருந்து தள்ளி, கீழ் விளிம்பு தரையைத் தொடுகிற மாதிரி. அவள் உட்கார்ந்தும் வரைகிறாள், எம்பி நின்றும் வரைகிறாள்.

இந்த வயதில் முழுக் கையால் இறுக்கிப் பிடித்து, தோளிலிருந்து இழுத்துத்தான் கோடு போடுவார்கள். அதனால் தடித்த சாக்பீஸே சரி. ஒல்லியானது ஒடிந்து, துண்டு நேராக வாய்க்குப் போகும்.

வண்ணத்துக்கு, அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு கலந்தோம். விரலை நக்கினாலும் பயமில்லை. மஞ்சள் பட்ட சட்டை சோப்பில் சிவக்கும்; அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள், கறை மங்கிவிடும். மீந்த கூழைக் கொட்டிவிடுங்கள், புளித்துப்போகும். கீழே பழைய ஃப்ளெக்ஸ் விரித்திருப்பதால் துடைப்பது சுலபம்.

அடுத்து மழைக்காலம். பலகையை ஹாலில் வைத்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிப் பொருத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.