பித்தப்பைக் கல்: அழற்சி முதலில் வந்ததா, கல்லா?

நுண்ணோக்கி:
பித்தநாடி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. “கல் உள்ளவர்களின் பித்தப்பைச் சுவரில் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்கள், அதாவது அழற்சிச் சமிக்ஞைப் புரதங்கள், எல்லாம் கூடியிருக்கின்றன. ஆகவே அழற்சிதான் கல்லை உண்டாக்குகிறது” என்கிறார். அந்தத் திசுவை எப்போது எடுத்தார்கள்? கல் வந்து, வலி வந்து, பையையே அறுத்து எடுத்த பிறகு. அவ்வளவு காலம் கல் உரசிய சுவரில் சைட்டோகைன் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். கல்லுக்கு முன்னால் அந்தச் சுவரைப் பார்த்தவர் யார்?

பித்தநாடி:
பெயரைப் போட்டு எழுதியாகிவிட்டது, சரி, பதிலையும் வாங்கிக்கொள்ளுங்கள். 1981-ல் பிரெய்ரி டாக் என்ற கொறிவிலங்குக்குக் கொலஸ்ட்ரால் உணவு கொடுத்துச் சோதித்தார்கள். ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்தவற்றுக்குக் கல் வரவில்லை. பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்துதான் இருந்தது. ஆனால் அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினை ஆஸ்பிரின் அடக்கியதால், சுவர் சுரக்கும் மியூசின் என்ற பசை கூடவில்லை. அந்தப் பசை இல்லாமல் படிகங்கள் கல்லாகத் திரளவில்லை. அழற்சிச் சமிக்ஞை இங்கே கல்லுக்கு முன்னால் நிற்கிறதா இல்லையா?

நுண்ணோக்கி:
புரோஸ்டாகிளாண்டின் புரதமே இல்லை, கொழுப்பு அமிலத்திலிருந்து உண்டாவது. நீங்கள் பேசத் தொடங்கியது சமிக்ஞைப் புரதங்களைப் பற்றி. பேச்சை மாற்ற வேண்டாம். மனிதச் சுவரைக் கல்லுக்கு முன்னால் யார் பார்த்தார்கள்?

தேடல்:
ஒரு கேள்வி. அழற்சி என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? காய்ச்சலும் வலியுமாக வரும் கடும் அழற்சியையா, நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் நாட்பட்ட மாற்றத்தையா? அதை முடிவு செய்யாமல் எது முதலில் என்று எப்படிச் சொல்வது?

பித்தநாடி:
புரதம் இல்லை என்பது எனக்கும் தெரியும், பாடம் எடுக்க வேண்டாம். பித்தப்பை மேற்புறச் செல்களை வளர்த்து அவற்றின் மீது டிஎன்எஃப்-ஆல்ஃபாவை விட்டால் மியூசின் கூடுகிறது. அது புரதம்தானே? அப்புறம், 2007-ல் வந்த எலி ஆய்வு: டி செல், பி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லாத எலிகளுக்குக் கல் உண்டாக்கும் உணவு கொடுத்தும் கல் அரிதாகவே வந்தது. டி செல்லை ஏற்றியதும் கல் கூடியது.

நுண்ணோக்கி:
கிண்ணம், எலி, கொறிவிலங்கு. மனிதர் எங்கே?

நான் திசு வெட்டிச் சாயம் ஏற்றுகிறவன். நீங்கள் ஆதாரமாகக் காட்டும் பழுப்பு நிறம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். தேடும் புரதத்தின் மீது எதிர்ப்பொருள் ஒட்டிய இடம் பழுப்பாகும், அதைக் கண்ணால் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று எனத் தரம் போடுவார்கள். பதப்படுத்தும் ஃபார்மலினில் திசு கூடுதல் நேரம் கிடந்தால் நிறம் மாறும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒப்பீட்டுத் திசு. நல்ல பித்தப்பையை யாரும் அறுத்துத் தர மாட்டார்கள். கல்லீரல் கட்டிக்காகவோ கல்லீரல் தானத்துக்காகவோ அறுக்கும்போது கூடவே வந்த பைதான் கிடைக்கும். அதை இயல்பான சுவர் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்? கல் இருந்தும் தொந்தரவே இல்லாமல் வாழ்கிறவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களுடைய சுவர் ஆய்வு மேசைக்கு வருவதே இல்லை. கல்லுக்கு முன்னால் பார்த்தவர் யார்?

மழைக்காகம்:
கல்லே இல்லாமலும் பித்தப்பை அழற்சி வருகிறதே. கடும் பித்தப்பை அழற்சியில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குக் கல் இருப்பதில்லை. தீவிர சிகிச்சையில் கிடப்பவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. அப்படியென்றால் உரசல் கதை எப்படி நிற்கும், நுண்ணோக்கி?

நுண்ணோக்கி:
கல் மட்டுமே அழற்சிக்குக் காரணம் என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். கல்லீரல் நொதி விவாதத்திலும் நான் சொல்லாததைச் சொன்னதாக்கினீர்கள், அதை இன்னும் மறக்கவில்லை. சிவப்பணு சிதைவு நோய்களில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மிகுந்து கருநிறமிக் கல் உண்டாகிறது. அதற்கு எந்த அழற்சி முன்னால் வந்தது?

மழைக்காகம்:
அந்த விவாதத்தில் பாதியில் போனது நீங்கள். கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. இங்கே பேசுவது கொலஸ்ட்ரால் கல், நிறமிக் கல்லை எதற்கு இழுக்கிறீர்கள்?

தேடல்:
என் கேள்வியை யாரும் தொடவில்லை.

பித்தநாடி:
மனிதர் வேண்டுமா? 2019-ல் மனிதக் கற்களுக்குள்ளேயே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வீசும் டிஎன்ஏ வலைகளைக் காட்டியிருக்கிறார்கள். படிகங்களை ஒட்டவைத்துத் திரட்டுவது அந்த வலைதான். எலியில் அதை உண்டாகாமல் தடுத்தால் கல் குறைகிறது. சாயம் ஏற்றுகிறவர் முதலில் அதைப் படித்துவிட்டு வரலாம்.

நுண்ணோக்கி:
அது வருவதற்கு முன்பே என்னிடம் நுண்ணோக்கி இருந்தது. வலை திரட்டுவதற்கே முதலில் படிகம் வேண்டும். படிகம் கொலஸ்ட்ராலால் வருகிறது, உங்கள் இன்டர்லூகினால் அல்ல. மனிதச் சுவரைக் கல்லுக்கு முன்னால் பார்த்த ஒரே ஒரு ஆய்வைக் காட்டுங்கள், பேசலாம்.

பித்தநாடி:
கொலஸ்ட்ரால் மிகுந்த பித்தநீர் பலருக்கு இருக்கிறது, எல்லோருக்குமா கல் வருகிறது? இதற்குப் பதில் எழுதுங்கள். நாளை மியூசின் பற்றித் தனியாகத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

நுண்ணோக்கி:
அங்கேயும் இதையேதான் கேட்பேன்.