ஆர்.சி.சி.பி. என்பதை 'மீளாமின் முறிப்பான்' எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னோட்டம் வழிதவறினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியான ஆர்.சி.சி.பி.க்கு (Residual Current Circuit Breaker) இங்கே தமிழ்ப்பெயர்களாக முன்வைக்கப்பட்ட 'மின்கசிவுத் துண்டிப்பான்', 'எஞ்சுமின் முறிப்பான்' ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு சுவர்.

கானாடுகாத்தானில் விருந்தினர் விடுதியாக மாறிய பழைய நகரத்தார் வீடொன்றின் பின்கட்டில், திறந்தவெளியில் விருந்தினர் குளிக்கும் வெந்நீர்த் தொட்டி (ஹாட் டப்) ஒன்று வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் இரண்டு இரவுகள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, அதன் ஆர்.சி.சி.பி. தூக்கிவிட்ட மறுகணமே டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. "மின்கசிவா இருக்கும் அண்ணே" என்று எலக்ட்ரீசியன் தொலைபேசியில் சொன்னதை மேற்பார்வையாளர் செய்தித்தாள் பொருளில் எடுத்துக்கொண்டார். ஷார்ட் சர்க்யூட்டால் பற்றிய தீயைத்தானே 'மின்கசிவால் தீ' என்று நாம் படித்துப் பழகியிருக்கிறோம்? சுவருக்குள் வயர் எரிந்திருக்கும் என்று அஞ்சி, எலக்ட்ரீசியன் வந்து சேர்வதற்குள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சைப் பத்தடி நீளத்துக்குக் கொத்திவிட்டார்கள். அந்த வழுவழுப்பைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது.

வந்தவர் மெயினை அணைத்து, ஹீட்டர், பம்பு, புளோயர் ஆகியவற்றின் இணைப்புகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் காப்புத்தடை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் சோதித்தார். பம்பு மோட்டாரின் காப்புத்தடை மட்டும் 1 மெகா ஓமுக்கு மிகக் கீழே நின்றது. இணைப்புப் பெட்டியின் ரப்பர் வாஷர் இறுகிப்போனதால் உள்ளே மழைநீர் தேங்கியிருந்தது. உலர்த்தி, வாஷரை மாற்றி, மறுபடியும் மெக்கர் வைத்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுத்தார்.

இந்தக் கருவி செய்வது, எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பற்றையும் வரவையும் நேர் பார்ப்பது போன்ற வேலை. ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதும் திரும்புகிறதா என்று ஒப்பிட்டு, வழியில் 30 மில்லி ஆம்பியர் மண்ணுக்கோ மனித உடலுக்கோ போய்விட்டால் 0.3 நொடிக்குள் சுற்றை முறித்துவிடுகிறது. மின்னோட்டம் அளவுமீறினால் மட்டும் துண்டிக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் அதன் கணக்கிலேயே வராது. 'எஞ்சுமின்' என்றால் ஸ்விட்சை அணைத்த பிறகும் வயரில் மிஞ்சி நிற்கும் மின்சாரம் என்றே அந்த எலக்ட்ரீசியனும் பொருள் சொன்னார்.

ஆகவே போய்த் திரும்பாத மின்னோட்டத்தை 'மீளாமின்' என்றும், கருவியை 'மீளாமின் முறிப்பான்' என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. 'மீளாத் துயர்' என்னும் வழக்கின் சாயல் இதில் ஏறுமோ என்று சற்றே தயங்கினேன். ஆனால் வங்கிகளில் 'வாராக்கடன்' என்பது இதே வாய்பாட்டில் அமைந்து, பொருள் மயங்காமல் நிலைத்திருக்கிறது. 'மின்கசிவு' காப்பின் பழுதுக்கு மட்டும் நிற்கட்டும். ஷார்ட் சர்க்யூட்டுக்குக் 'குறுக்குச்சுற்று' என்பதை நாம் விடாமல் எழுத வேண்டும்.

'சுற்றுடைப்பான்' என்று பயின்ற இலங்கை நண்பர்களுக்கு 'முறிப்பான்' உறுத்துமா என்று தெரிவியுங்கள். விடுதியின் மின்பலகையில் பெயர் எழுதி ஒட்ட இரண்டு விரற்கடை இடமே இருக்கிறது.