மெசி 135 உழவு மெசினின்ர றேடியேற்றர் ஒழுகுது, எபொக்சி பூசினா நிக்குமோ?

தென்மராட்சி வயல்:
பித்தளை றேடியேற்றர். மேல்தாங்கியிலை ஹோஸ் பூட்டுற குழாயின்ர அடியிலை மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. மெசின் சூடானாப் பிறகுதான் சொட்டுது. காலபோக விதைப்புக்கு உழவு தொடங்கியிட்டுது, கழட்டி ஈயம் உருக்கி ஒட்ட நேரமில்லை. வீட்டிலை அரல்டைட் எபொக்சிப் பசை கிடக்கு. காணுமோ?

சுன்னாகம் பட்டறை:
அந்த இடத்திலை எபொக்சி பிடிக்கும். நடுவிலை இருக்கிற கோர் குழாய் ஒழுகினா எபொக்சியை நினைக்கவே வேண்டாம். தகடுகளுக்கிடையிலை கை போகாது, சுத்தம் செய்யவும் ஏலாது.

ஆனா சாதாரண அரல்டைட் வேண்டாம். உள்ளுக்குத் தண்ணி 85–95 பாகை, அதுக்கு முதலே அது இளகத் தொடங்கும். 5 நிமிசத்திலை இறுகுற வகை இன்னும் மோசம். இரும்புத்தூள் கலந்த, ரெண்டு ரியூப்பிலை வாற எபொக்சி வாங்குங்கோ (ஜேபி வெல்ட் வகை). பெட்டியிலை 150 பாகைக்கு மேலை தாங்கும் எண்டு போட்டிருக்கோணும்.

தண்ணியை முழுக்க இறக்கி, மூடியைக் கழட்டி வெயிலிலை காய விடுங்கோ. இதிலைதான் கனபேர் பிழை விடுறது: மேலை காஞ்சிருக்கும், வெடிப்புக்குள்ளை ஈரம் நிக்கும், பூசின கையோடை அது வெளியிலை ஊறி எபொக்சியைக் கிளப்பும். வெடிப்பைச் சுத்தி ஒரு அங்குலம் பெயின்ற், பழைய ஈயக்கறை எல்லாம் போய்ப் பித்தளை மினுங்கும் வரைக்கும் 80 நம்பர் சாண்ட்பேப்பர். வெடிப்பின்ர ரெண்டு முனையிலும் 2 மி.மீ துளை போடுங்கோ, இல்லாட்டி பூச்சுக்கு அடியாலை வெடிப்பு ஓடும். துளைக்கிற பிற்றிலை கிறீஸ் தடவினா துகள் அதிலை ஒட்டும், உள்ளுக்கு விழுறது குறையும். கடைசியா தின்னர் நனைச்ச வெள்ளைத் துணி, கறுப்புப் பிடிக்காத வரைக்கும் துடையுங்கோ. மண்ணெண்ணெய் கூடாது, எண்ணெய்ப் படலம் விடும்.

ரெண்டு ரியூப்பிலும் சம அளவு எடுத்து, கோடு தெரியாமல் ஒரே சாம்பல் நிறம் வாறமட்டும் கலவுங்கோ. முதல் பூச்சை மெல்லிசா வெடிப்புக்குள்ளை அழுத்தித் தேயுங்கோ. அதுக்கு மேலை 3 மி.மீ, ஓரத்தைச் சரிவா விடுங்கோ. கட்டியா வச்சா பித்தளையும் எபொக்சியும் ஒரே அளவிலை விரியாது, ஓரம் கிளம்பும். 24 மணித்தியாலம் தொடாதேங்கோ.

பளை மெக்கானிக்:
பூச முதல் ஏன் வெடிச்சது எண்டு பாருங்கோ, தம்பி. றேடியேற்றர் இருக்கிற றப்பர் தேஞ்சா உழவிலை வாற அதிர்ச்சி முழுக்க அந்தக் குழாயிலைதான் விழும். அடுத்தது மூடி. 135க்கு மூடி தாங்கிற அமுக்கம் 7 பி.எஸ்.ஐ, அதாவது 0.5 பார். உங்கட மூடியிலை என்ன அடிச்சிருக்கு?

தென்மராட்சி வயல்:
0.9 எண்டு கிடக்கு அண்ணை.

பளை மெக்கானிக்:
அது கார் மூடி. அமுக்கம் 13 பி.எஸ்.ஐ வந்தாத்தான் வெளியிலை விடும், அதைப் பழைய ஈயப் பொருத்து தாங்குமோ? முதல் அதை மாத்துங்கோ. எபொக்சி இறுகினாப் பிறகு ஹோஸ் வாய் ரெண்டையும் அடைச்சு, மானி உள்ள சைக்கிள் பம்பாலை 7 பி.எஸ்.ஐ மட்டும் காத்தடிச்சு, சவர்க்காரத் தண்ணி தடவிப் பாருங்கோ. அதுக்கு மேலை அடிக்காதேங்கோ.

வலிகாமம் தோட்டம்:
ரெண்டு விசயம். பிறகு ஈயம் போடுற எண்ணமிருந்தா எபொக்சியைக் கொஞ்சமாப் பூசுங்கோ. அது இருக்கிற இடத்திலை ஈயம் ஒட்டாது, முழுக்கச் சுரண்டித்தான் ஆகோணும். மற்றது, திரும்ப நிரப்பேக்கை கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட சுண்ணக்கல் நிலத்துத் தண்ணி கொதிச்சா குழாயுக்குள்ளை சுண்ணாம்பு படியும், பிறகு சூடு இறங்காது. மழைத்தண்ணியோ பற்றரிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணியோ எடுத்து, மூண்டிலை ஒரு பங்கு கூலன்ற் (றேடியேற்றருக்கு விடுற திரவம்) விடுங்கோ. இஞ்சை பனி உறையாதுதான், கூலன்ற் தேவைப்படுறது துருவைத் தடுக்கவும் ஈயப் பொருத்தைக் காக்கவும். மஞ்சள்தூள் போட்டா ஒழுக்கு நிக்கும் எண்டு ஆரும் சொன்னா கேளாதேங்கோ, ஒழுக்கோடை கோரையும் சேர்த்து அடைக்கும்.

சுன்னாகம் பட்டறை:
ஒண்டு விட்டிட்டன். ஹோஸ் கிளிப்பைப் பூச்சுக்கு மேலை இறுக்காதேங்கோ, பிடிச்ச எபொக்சி அதிலைதான் வெடிக்கும். குழாயிலை கிளிப்புக்கு இடம் காணாட்டி எபொக்சியை விட்டிட்டு ஈயத்துக்குக் குடுங்கோ.