அப்பாவின் சிறுநீரகத்தைக் காக்க வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் வலது சிறுநீரகத்தில் 3.5 செ.மீ. கட்டி. ரோபோ அறுவை சிகிச்சையில் கட்டியை மட்டும் வெட்டியெடுக்கலாம் என்கிறார் மருத்துவர். இடது சிறுநீரகம் முன்பே சுருங்கிப்போனது. ஆகவே வலதில் மிஞ்சுவதை வைத்துத்தான் அப்பா மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும்.

ஸ்கேன் படத்தில் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்: கட்டி, அதை ஒட்டியே ரத்தக்குழாய். வெட்டும்போது ரத்தம் பெருகாமலிருக்க, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைக் கவ்வியால் இறுக்குவார்களாம். அந்த நேரம் நீண்டால் பிராணவாயு இல்லாமல் திசு பாதிக்கப்படும். 25 நிமிடத்துக்குள் முடித்தால் நல்லது என்றார். எவ்வளவு நல்ல திசு மிஞ்சுகிறது என்பது அதைவிட முக்கியமாம். அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தாலே அந்த 25 நிமிடம்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் விவரம் அறிந்த மருத்துவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். கட்டிக்குப் போகும் கிளைத் தமனியை மட்டும் இறுக்குவது, அல்லது இறுக்காமலே வெட்டுவது, யாருக்குப் பொருந்தும்? ரத்த ஓட்டத்தைக் காட்ட ஒளிரும் பச்சைச் சாயம் செலுத்தினார்களா? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, எத்தனை மாதத்தில் நிலைத்தது?

அடுத்த வாரம் மருத்துவரை மறுபடி பார்க்கிறோம். நான் கேட்க மறந்துவிடக்கூடிய கேள்வி ஏதும் இருந்தால் அதையும் எழுதுங்கள்.