பியாஸியின் 1801 சீரீஸ் கடிதங்கள்: அளவீடுகளை இன்றைய கணக்கோடு ஒப்பிடுவது எப்படி?

வடமீன் கேட்டது:

சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டதும் இத்தாலியின் பலெர்மோவிலிருந்து வானியலாளர் பியாஸி 1801 ஜனவரி 24 அன்று எழுதிய கடிதங்களையும், அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மன் வானியலாளர் ட்ஸாக் தன் மாத இதழில் அச்சிட்ட அட்டவணையையும் வைத்து, இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு கணக்குப் பயிற்சி தயாரிக்கிறேன். மூன்று இடங்களில் விளக்கம் வேண்டும்.

ஜனவரி 1க்கு அட்டவணையில் நேரம் 8 மணி 43 நிமிடம் 17.8 நொடி, வல ஏற்றம் (வானில் கிழக்கு நோக்கி அளக்கும் கோணம்) 51 பாகை 47 கலை 48.8 விகலை (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை) என்று இருக்கிறது. ஸ்டெல்லேரியம் என்ற வான மென்பொருள் காட்டும் இடத்தோடு இது பொருந்தவில்லை. பாகைக் கணக்கில் தள்ளி நிற்கிறது. எதனால்? நெட்டாங்கு (சூரியன் செல்லும் பாதை நெடுக அளக்கும் கோணம்) பத்தியில் "1 23 22 58.3" என்று நான்கு எண்கள் உள்ளன, முதல் எண் என்ன? ஒரே நாளில் எழுதிய கடிதங்கள் வானியலாளர்கள் போடேக்கும் ஒரியானிக்கும் வேறு வேறு தேதியில் போய்ச் சேர்ந்தனவே, சீரீஸின் பாதையைக் கணித்த காஸ் தன் கணக்குக்கு எதை வைத்துக்கொண்டார்?

---

உச்சிவட்டம் பதில்:

வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதலாவது அயனச் சலனம், அதாவது வல ஏற்றத்தை எண்ணத் தொடங்கும் சம இரவுப் புள்ளி மெல்ல நகர்வது. பியாஸியின் எண்கள் அன்றைய சம இரவுப் புள்ளியிலிருந்து அளந்தவை. மென்பொருளில் 2000ஆம் ஆண்டுச் சட்டகத்தைப் பார்த்தால், 199 ஆண்டுகளில் ஆண்டுக்கு 50 விகலைக்குச் சற்று மேல் சேர்ந்து, வல ஏற்றத்தில் மட்டும் சுமார் 2 பாகை 48 கலை கூடிவிடும். ஸ்டெல்லேரியம் இரண்டு வரிகளையும் காட்டும். "அந்தத் தேதிக்கு" என்று வரும் வரியைத்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, குறுங்கோள்கள் விஷயத்தில் ஸ்டெல்லேரியத்தையே நம்பக்கூடாது. இன்றைய சுற்றுப்பாதை உறுப்புகளை (பாதையை விவரிக்கும் எண்களை) வைத்துக்கொண்டு, வியாழன் இழுப்பதைக் கணக்கில் சேர்க்காமல் பின்னோக்கி ஓட்டுகிறது. சில ஆண்டுகளுக்குப் பரவாயில்லை, 200 ஆண்டுகளுக்கு உதவாது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் கணிப்புச் சேவைக்குப் போங்கள். அங்கே கொடுக்க வேண்டிய இடம் (பலெர்மோ): கிழக்கு 13 பாகை 21 கலை, வடக்கு 38 பாகை 7 கலை. "தோற்ற" வல ஏற்றத்தைக் கேளுங்கள், 2000ஆம் ஆண்டுக்கானதை அல்ல. புவி மையத்தை எடுத்தால் இடமாறு தோற்றத்தால் (பார்க்கும் இடம் மாறுவதால் வரும் விலகலால்) ஓரிரு விகலை தவறும். அதனால் பலெர்மோ ஊரையே கொடுங்கள்.

அடுத்தது நேரம். 8 மணி 43 நிமிடம் என்பது பலெர்மோவின் சராசரி சூரிய நேரம், நண்பகலிலிருந்து எண்ணியது. பலெர்மோ கிரீனிச்சைவிட 53 நிமிடம் 25 நொடி முன்னால். ஆகவே உலக நேரம் 19:49:53. இத்தாலியின் இன்றைய ஒரு மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் ஆறரை நிமிடம் பிசகும்.

அது சராசரி நேரமா, சூரியக் கடிகாரம் காட்டும் தோற்ற நேரமா என்று சந்தேகம் வந்தால் அட்டவணையே பதில் சொல்லும். உச்சிவட்டத்தை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கோட்டை) சீரீஸ் தாண்டும் கணத்தில் அளந்ததால், அந்தக் கணத்தின் விண்மீன் நேரமும் (விண்மீன்களை வைத்து எண்ணும் நேரம்) வல ஏற்றமும் ஒன்றாக இருந்தாக வேண்டும். அன்று பலெர்மோவில் சராசரி நண்பகலின் விண்மீன் நேரம் 18 மணி 42 நிமிடம் 28 நொடி. அதோடு 8:43:18ஐக் கூட்டுங்கள். விண்மீன் நாள் குறுகியது என்பதற்காக மணிக்கு 9.86 நொடி வீதம் இன்னும் 1 நிமிடம் 26 நொடி சேருங்கள். 27:27:12 வரும், 24 போக 3:27:12. இதை 15ஆல் பெருக்கினால் 51 பாகை 48 கலை. அட்டவணையில் மணிக் கணக்கில் தந்திருப்பது 3:27:11.25. ஒரு நொடிக்குள் இறங்கிவிட்டது! தோற்ற நேரமாக இருந்தால் ஜனவரி 1இல் ஏறத்தாழ 4 நிமிடமும் பிப்ரவரி 11இல் 14 நிமிடத்துக்கு மேலும் இடித்திருக்கும். மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக இதையே கொடுக்கலாம். எந்தக் கடிதத்தில் எந்த எண் வந்தாலும் முதலில் இப்படி உரசிப் பார்ப்பது நல்லது.

கையால் சுற்றுப்பாதை போடுகிறவர்கள் ஒளி வந்து சேரும் நேரத்தை விட்டுவிடக் கூடாது. சுமார் 2 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஒரு அலகு) தூரம், அதாவது 16 நிமிடத்துக்கு மேல். ஜனவரி 1இலிருந்து 2க்குள் வல ஏற்றம் 4 கலை 21 விகலை குறைந்திருக்கிறது. அந்த வேகத்தில் 16 நிமிடத்துக்கு 3 விகலை.

---

ஏட்டுச்சுவடி பதில்:

நெட்டாங்கில் முதல் எண் ராசி. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் சிக்கலே இல்லை: 1 என்றால் மேஷம் முடிந்து ரிஷபத்தில் 23 பாகை 22 கலை. 30ஐக் கூட்டினால் 53 பாகை 22 கலை 58.3 விகலை. ஆனால் இது சாயனக் கணக்கு, அதாவது சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணியது. நம் பஞ்சாங்கத்தின் நிராயணத்தோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

கடிதங்கள் பற்றி. ஜனவரி 24 கடிதம் பெர்லினில் இருந்த போடேக்கு மார்ச் 20இல்தான் கிடைத்தது. மிலானில் இருந்த ஒரியானி அவரைவிட எவ்வளவோ அருகில் இருந்தும், அவருக்கு ஏப்ரல் 5 ஆகிவிட்டது. வட இத்தாலியில் போர்க்காலம். தூரத்தை வைத்துத் தபால் நாட்களைக் கணக்கிட முடியாது. யாருக்கு எப்போது தெரிந்தது என்று எழுதும்போது, கடிதத்தின் தேதியைவிட அது கைக்குக் கிடைத்த தேதிதான் முக்கியம். இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

உள்ளடக்கமும் ஒன்றல்ல. போடேக்கு வால்மீன் என்று எழுதியவர், நெருங்கிய நண்பரான ஒரியானிக்கு மட்டும், புகைமூட்டம் எதுவும் இல்லை, நகர்வு மெதுவாகவும் சீராகவும் இருக்கிறது, வால்மீனைவிட மேலான ஒன்றாக இருக்கலாம் என்று திறந்து சொல்கிறார். ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டு "பியாஸி இதை வால்மீன் என்றே நினைத்தார்" என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

முழு அளவீடுகளை அவர் ஏப்ரலில்தான் அனுப்பினார். அவை பொதுவில் அச்சானது செப்டம்பர் இதழில். பிரவுன்ஷ்வைக்கில் இருந்த 24 வயது காஸுக்குக் கிடைத்தது அந்த அச்சுதான். அவர் கணித்த இடங்கள் டிசம்பர் இதழில் வெளியாயின. மற்றவர்கள் சொன்ன இடத்திலிருந்து அவை பல பாகை கிழக்கே இருந்தன. ட்ஸாக் டிசம்பர் 7இல் அங்கே பார்த்தார், 31இல் உறுதிசெய்தார். ப்ரெமனில் வானியலாளர் ஓல்பர்ஸ் மறு இரவே கண்டார். காஸும் ஓல்பர்ஸும் கடிதம் எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான்.

---

வடமீன்:

மிக்க நன்றி. இன்னொன்று: ஜனவரிக் கடிதத்தில் இருந்த இரண்டு இடங்களை மட்டும் வைத்துப் பாதை போட முடியுமா? போடே அந்த நிலையில்தானே இருந்தார்?

---

உச்சிவட்டம்:

வட்டப் பாதை வேண்டுமானால் போடலாம். ஒரு அளவீடு இரண்டு எண் தரும். இரண்டு அளவீட்டுக்கு நான்கு. வட்டத்துக்கு நான்கு உறுப்புகள் போதும். நீள்வட்டத்துக்கு ஆறு, அதாவது மூன்று அளவீடுகள். அதிலும் கடிதத்தில் இருந்த இரண்டும் மோசமான ஜோடி. ஜனவரி 1இல் வல ஏற்றம் 51 பாகை 47 கலை. 23இல் 51 பாகை 46 கலை. இடையில் 11ஆம் தேதி வாக்கில் வக்கிரம் (பின்னோக்கிய நகர்வு) முடிந்து நேர்கதிக்குத் திரும்பியதால், போன தூரத்தை அப்படியே மீண்டும் வந்துவிட்டது. எண்களை மட்டும் பார்த்தால் வடக்கே ஒரு பாகைக்கு மேல் ஏறியது தவிர வேறு அசைவே இல்லாதது போலத் தோன்றும். திரும்பியது பற்றிய ஒரு வரியைப் பியாஸி எழுதியிருந்ததால்தான், கோளாக இருக்கலாம் என்று போடே ஊகிக்க முடிந்தது. மாணவர்களுக்கு ஜனவரி 1, ஜனவரி 22, பிப்ரவரி 11 என்று மூன்றைக் கொடுங்கள். 41 நாள் நீளம், நடு அளவீடும் ஏறத்தாழ நடுவில்.

---

ஏட்டுச்சுவடி:

பயிற்சியை மற்ற கடிதங்களுக்கும் நீட்டுவதாக இருந்தால், தேதியில் சில பொறிகள் உண்டு.

அன்று வானியலாளரின் நாள் நண்பகலில் தொடங்கியது. மாலை அளவீட்டில் தொந்தரவில்லை. நள்ளிரவு தாண்டினால் அவர்கள் எழுதும் தேதி, ஊரார் தேதிக்கு ஒரு நாள் பின்னால் இருக்கும். 1801 டிசம்பரில் சீரீஸ் பின்னிரவில்தான் தெரிந்தது. ஒரே இரவுக்கு வெவ்வேறு நூல்களில் இரண்டு தேதி கிடைக்க இதுதான் காரணம். பாரிஸ் கடிதங்களில் 1805 கடைசி வரை பிரெஞ்சுப் புரட்சியின் குடியரசு நாட்காட்டியும் வரும். 9ஆம் ஆண்டு 1800 செப்டம்பர் 23இல் தொடங்குகிறது; அதன் நிவோஸ் மாதம் 11ஆம் தேதிதான் 1801 ஜனவரி 1. பாரிஸ் நேரத்தைப் பலெர்மோ நேரமாக எடுத்தால் 44 நிமிடம் பிசகும். ஜனவரி தொடக்கத்தில் அது 8 விகலை.

மூலக் கடிதங்களைப் படிக்கிறவர்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e', 'n' இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். அன்று உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். பிரிக்கும்போது அரக்கோடு தாள் கிழிந்துபோய், அந்த இடத்தில் ஓரிரு சொற்களோ எண்களோ காணாமல் போயிருக்கும். அச்சுப் பதிப்பில் அந்த இடத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியிருக்கலாம். எண் ஒன்று இடித்தால், அது மடிப்பின் ஓரத்தில் இருந்ததா என்று மூலக் கடிதத்தின் படத்தில் பாருங்கள். பிறகு உச்சிவட்டம் சொன்ன விண்மீன் நேரச் சோதனையைப் போடுங்கள்.