புதுப்பிப்பு: பயர்பாக்ஸும் பைப்லைனிங்கும்
பழைய மடிக்கணினியில் பயர்பாக்ஸ் இழுக்கிறது, அபவுட் கான்ஃபிக் என்ற அதன் உள் அமைப்புப் பக்கத்தில் பைப்லைனிங்கை (பதிலுக்குக் காத்திராமல் ஒரே இணைப்பில் கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பும் வசதி) இயக்கினால் வேகமாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அந்த வசதியையே 2017-இல் வந்த பயர்பாக்ஸ் 54-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் நாமே ஒரு வரி சேர்த்தாலும் உலாவி கண்டுகொள்ளாது. (இன்னும் இதை ‘ரகசிய டிரிக்’ என்று வீடியோ போடுகிறார்கள்!) பைப்லைனிங்கில் முதல் பதில் தாமதித்தால் பின்னால் உள்ளவை ரேஷன் கடை வரிசைபோல நிற்கும். வலைப்பக்கங்களை அனுப்பப் பின்னர் வந்த முறையான எச்டிடிபி/2-இல் ஒரே இணைப்பில் பல கோப்புகள் கலந்தே வந்துவிடும்.

எனக்குப் பலன் தந்தது விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சிதான். செய்தித் தளங்களில் வித்தியாசம் கண்கூடு. ஏதாவது தளம் முரண்டுபிடித்தால் அங்கே மட்டும் அணைத்துவிடுகிறேன். கேச்சை (உலாவி சேமித்து வைக்கும் நகல்களை) அடிக்கடி அழிப்பதையும் விட்டாச்சு. அழித்தால் எல்லாப் படமும் மறுபடி இறங்கணுமே.